சூசைதாசன் கிடந்த கோயில்

கிறிஸ்துநாயகத்தார் கையில் மைக்கைக் கொடுத்தால் டோவரில் தொடங்கி கெவலார் வரைக்கும் திருப்பித் தரமாட்டார். ஒவ்வொரு ஆகஸ்டும் லண்டன் தமிழ்க் கத்தோலிக்கர் ஜேர்மனியிலுள்ள கெவலார் மாதாவிடம் பஸ் பிடித்துப் போவார்கள். பஸ்ஸுக்குப் பொறுப்பு வடக்கு லண்டன் எட்மண்டனில் இருக்கும் இவர்தான். ஒல்லாந்துக் கோயில்கள் உள்ளே ஏன் வெறிச்சென்று கிடக்கின்றன, புரட்டஸ்தாந்துக்காரர் சுரூபங்களை இறக்கிவிட்டு எப்படிச் சுண்ணாம்பு அடித்தார்கள், கல் அகப்படாத அந்தத் தட்டை நிலத்தில் வெறும் செங்கல்லை வைத்தே எப்படிக் கோபுரம் எழுப்பினார்கள் என்று வழிநெடுக ஓடும் அவருடைய கோயில் புராணம். பஸ்ஸில் பாதிப்பேர் வாயைப் பிளந்துகொண்டு நித்திரை கொள்வார்கள். அவர் அதைக் கணக்கிலெடுப்பதில்லை.

சும்மா சொல்லக்கூடாது, மனுசனுக்கு அந்தக் கோயில்களில் உண்மையான ஆசை இருந்தது. எண்பதுகளில் ஐந்து வருஷம் ஜேர்மனியில் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவியவர். லீவு நாளில் போக்கிடம் இல்லாதவனை, நீ ஆர், உன்னட்டை என்ன பத்திரம் இருக்கு என்று கேட்காமல் உள்ளே விட்டது கோயில் மட்டும்தான். தூணைத் தடவி, வளைவை அண்ணாந்து பார்த்து, ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கும் துண்டுகளைப் படித்துப் படித்தே இவ்வளவும் சேர்த்திருந்தார். பாஷை மட்டும் சேரவில்லை. கோப்பை, கத்தி, கெதியாய் என்ற அளவில் குசினியோடு நின்றுவிட்டது அவருடைய டொச், அதுதான் ஜேர்மன் பாஷை. இது லண்டனில் ஒருவருக்கும் தெரியாது. அவரும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

இனி றோஸ்மலர். மன்னார்ப் பிள்ளை, எட்மண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. அவளுடைய ஒரே தம்பி சூசைதாசன் இருபத்திரண்டு வயதில் ஜேர்மனிக்குப் போய், எண்பத்தாறாம் ஆண்டு பனிக்காலத்தில் சைக்கிளோடு லொறிக்குள் அகப்பட்டுச் செத்துப்போனான். சொந்தக்காரர் ஒருவரும் போக முடியவில்லை. அந்தச் சின்ன ஊரின் பங்குச் சனங்களே தங்கள் பழைய கோயிலடியில் அவனை அடக்கம் செய்தார்கள். தொண்ணூற்றொன்பதில் லண்டன் வந்த றோஸ்மலர் அந்தப் பங்குக்கு ஒவ்வொரு மார்கழியும் நத்தாருக்கு ஒரு வாழ்த்து மட்டை அனுப்பினாள். ஒரு தரமாவது அவன் தலைமாட்டில் முழந்தாளிட்டு மெழுகுதிரி கொளுத்தவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பெரிய ஆசை கிடையாது. ஆனால் அகதிக் கேஸ் இழுபட்டது. பத்திரம் இல்லாமல் கடல் தாண்ட ஏலாது. ஒவ்வொரு ஆகஸ்டும் பஸ்ஸுக்குக் கையாட்டிவிட்டுத் திரும்பிப் போவாள்.

இரண்டாயிரத்து ஆறில் அந்தப் பங்கிலிருந்து அவளுக்கு டொச்சில் ஒரு கடிதம் வந்தது. தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் அதைக் கிறிஸ்துநாயகத்தாரிடம் நீட்டினாள். கடிதத்தின் தலைப்பில் கோயிலின் கோட்டுப்படம் இருந்தது. அவ்வளவுதான், ஆள் தொடங்கிவிட்டார்.

"பாரும் தங்கச்சி, இது லேசுப்பட்ட கோயில் இல்லை. உள்ளை தூண் பிரிக்கிற மூண்டு நடையும் ஒரே உயரம், ஒரே கூரை. அந்தப் பக்கத்துக் கட்டு அப்பிடித்தான். அடிக்கோபுரம் ஐந்நூறு வருஷம் இருக்கும். மேல்பாதி புதுசு, சண்டையிலை குண்டு விழுந்து திரும்பக் கட்டினது."

தேத்தண்ணி ஆறும் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள். சுற்றிவர ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள்.

"என்ன எழுதியிருக்கினம் அண்ணை?"

எழுத்துகளின் மேல் கண்ணை ஓட்டினார். மூச்சு முட்டும் நீளத்தில் சொற்கள். கல்லறை என்ற சொல் தெரிந்தது, இருபது வருஷம் தெரிந்தது, தயவுசெய்து தெரிந்தது. எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். இத்தனை பேருக்கு முன்னால் அந்த நொடி வரவில்லை.

"தம்பி செத்து இருபது வருஷமாம். சுவாமியார் நினைச்சு எழுதியிருக்கிறார். தயவுசெய்து செபிக்கச் சொல்லுறார்."

றோஸ்மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு, தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

இரண்டாயிரத்து ஒன்பது ஜூனில் அவளுடைய கேஸ் சரிவந்தது. பயணப் பத்திரம் கைக்கு வந்த அன்றே, வேலை உடுப்போடு கிறிஸ்துநாயகத்தார் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அண்ணை, பஸ்ஸிலை முதல் பேர் என்ரை பேரைப் போடுங்கோ. வழியிலை தம்பியடியிலை ஒரு பத்து நிமிஷம் நிக்க ஏலுமோ?"

"பத்து நிமிஷமோ? ஒரு மணித்தியாலம் நிப்பம்! உள்ளை போய் எல்லாரும் கோயிலையும் பாக்கட்டும்."

உற்சாகத்தில் மகள் துசியந்தியைக் கொண்டு அன்றிரவே அந்தப் பங்குக்கு ஆங்கிலத்தில் ஈமெயில் போட்டார். மூன்றாம் நாள் பதில் வந்தது. துசியந்தி திரையைப் பார்த்தபடி தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். கோயிலைத் திறந்துவிடச் சந்தோஷமாம். ஆனால் கல்லறை இப்போது இல்லையாம். அங்கே ஒரு கல்லறைக்குத் தவணை இருபது வருஷமாம். தவணை முடியமுதல் சகோதரிக்குக் கடிதம் போட்டார்களாம். நீட்டிக்க விருப்பமென்றால் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், மற்றதெல்லாம் பங்கு பார்த்துக்கொள்ளும் என்று எழுதினார்களாம். ஒரு வருஷம் காத்திருந்து, பதில் வராததால் கல்லை எடுத்து நிலத்தை நிரவிவிட்டார்களாம்.

"அப்பா, அந்த லெட்டரை ஆர் வாசிச்சது?"

கிறிஸ்துநாயகத்தார் எழுந்து போய்க் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதார்.

இரண்டு நாள் யோசித்தார். கெட்ட யோசனையும் வராமலில்லை. மயானத்தில் ஏதாவதொரு பழைய கல்லைக் காட்டி, எழுத்து அழிஞ்சுபோச்சு தங்கச்சி என்று சொல்லிவிடலாம். அவர் சொன்னால் அவள் நம்புவாள். அவள் அப்படி நம்புவாள் என்பதை நினைத்தபோதுதான் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

சனிக்கிழமை பின்னேரம் அவளுடைய அறைக்குப் போனார். கட்டிலில் புது வெள்ளைச் சீலையும், மாதா படம் போட்ட பெரிய மெழுகுதிரியும் இருந்தன. கதிரையில் இருக்காமலே, கல்லறையை எடுத்துப்போட்டார்கள் என்று சொல்லிவிட்டார். இருபது வருஷத் தவணையையும் சொன்னார்.

றோஸ்மலர் கட்டிலில் இருந்துவிட்டாள்.

"எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே அண்ணை. விலாசம் அவையளிட்டை இருந்ததுதானே."

அந்த இடத்தில் பேசாமல் நின்றிருந்தால் பழியெல்லாம் ஜேர்மன்காரன் தலையில் விழுந்திருக்கும்.

"எழுதினவை, தங்கச்சி. நான்தான் வாசிக்கத் தெரியாமல் வாசிச்சனான். உம்மடை ஒரு கையெழுத்துத்தான் கேட்டிருக்கினம்."

கடிதம் மாட்டியிருந்த சுவரை அவள் பார்க்கவில்லை. தன் கையைத்தான் பார்த்தாள்.

"கையெழுத்து மட்டுமோ?"

"ஓம்."

"அது எனக்குப் போடத் தெரியுமே அண்ணை."

அவள் கத்தியிருந்தால், செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"எலும்பை என்ன செய்திருப்பினம்?" என்று கேட்டாள்.

அங்கே எலும்பை வெளியே எடுப்பதில்லை, அதே குழியில் இன்னும் ஆழத்தில் விடுவார்கள் என்று அவர் எங்கேயோ படித்திருந்தார். வாய்வரை வந்தது. அது எல்லா இடத்துக்கும் பொருந்துமா, அந்த ஊருக்குப் பொருந்துமா என்று அவருக்கு நிச்சயமில்லை.

"எனக்குத் தெரியாது, றோஸ்மலர்."

அவள் தலையாட்டினாள். மெழுகுதிரியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கோபமேயில்லாத குரலில் சொன்னாள்.

"கேட்டுச் சொல்லுங்கோ. பதில் வந்தா, வாசிக்கத் தெரிஞ்ச ஆரிட்டையும் குடுங்கோ அண்ணை."