திரும்பி வராத அரை டிக்கெட்

அந்த நாளில் சிறுவர்களுக்குத் தனி ரயில் டிக்கெட் கிடையாது. முழு அட்டையின் மூலையைக் கத்தரியால் சாய்வாக வெட்டினால், அதுவே அரை டிக்கெட். வெட்டிய துண்டு டிக்கெட் கொடுத்தவரிடமே தங்கும். அதிலும் அட்டையின் எண் இருக்கும். விழுப்புரம் ஜங்ஷன் கவுன்டரில் இருந்த காந்திமதி அந்தத் துண்டுகளை நூலில் கோத்து வைப்பாள்.

1986 சித்திரையில் ஒரு காலை, சிவப்புக்கல் மூக்குத்தி போட்ட ஒருத்தி ஜன்னலுக்கு வந்தாள். கூட ஒரு பத்து வயதுப் பெண். புதுப் பாவாடையில் கடை மடிப்புகூடக் கலையவில்லை.

"எழும்பூருக்கு எனக்கு ஒரு ரிட்டர்ன். இதுக்கு ஒரு அரை."

"பொண்ணுக்குத் திரும்ப வேணாமா?"

"அதுக்கு அங்க வேலை பாத்து வெச்சிருக்கேன். ஜல்தியா குடு கண்ணு."

காந்திமதி வெட்டிக் கொடுத்துவிட்டாள். துண்டைக் கோக்கும்போதுதான் சவுரியம்மாள் நினைவுக்கு வந்தார். மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குத் திண்டிவனத்தில் இல்லம் நடத்துகிறவர். பிள்ளைகளை விற்கக் கொண்டுபோகிறவர்கள் தங்களுக்கு மட்டும்தான் திரும்ப டிக்கெட் எடுப்பார்கள், கவனியுங்கள் என்று இரண்டு மாதம் முன்பு இதே ஜன்னலில் சொன்னார். டிக்கெட் கொடுப்பதா, ஜோசியம் பார்ப்பதா என்று காந்திமதி கேலி செய்திருந்தாள்.

இதே மூக்குத்தி மாசியிலும் வந்தது, பங்குனியிலும் வந்தது. அந்த இரண்டு துண்டுகளும் நூலில் இருந்தன. வெட்டியது இதே கை.

வண்டி அதற்குள் கிளம்பிவிட்டது. ஆனால் ஒற்றைத் தண்டவாளம். எதிர் வண்டி வந்து சேரும்வரை அது திண்டிவனத்தில் நின்றாக வேண்டும். காந்திமதி இல்லத்துக்குப் போன் போட்டு அரை டிக்கெட்டின் எண்ணைச் சொன்னாள். தன் மகள் என்று அவள் சாதித்தாலும் டிக்கெட் காட்டிக் கொடுக்கும்.

மதியம் சவுரியம்மாள் பேசினார். போலீஸ்காரர் பெட்டியில் ஏறியதுமே மூக்குத்திக்காரி மறுபக்கம் குதித்து மறைந்துவிட்டாள். பெண் பத்திரம், பெயர் அம்சவள்ளி, ஊர் கெடார். ஆனால் அவள் அழுகை நிற்கவில்லை.

"அடுத்து என் தங்கச்சிய கூட்டிக்கினு போறேன்னு அந்தப் பொம்பள அம்மாகிட்ட சொல்லிக்கீது" என்றாளாம்.

மூக்குத்திக்காரி சென்னைப் பக்கம் ஓடியிருப்பாள், நாளைக்குக் கோர்ட் வேலை முடிந்ததும் கெடாருக்குப் போய்த் தாயைப் பார்க்கிறேன் என்றார் சவுரியம்மாள்.

மறுநாள் காலை வண்டியில் வந்தவர்களிடம் வாங்கிய டிக்கெட்டுகள் மேஜைக்கு வந்தன. ரிட்டர்ன் அட்டை இரண்டு பாதியாக இருக்கும். ஊர் திரும்பியதும் இரண்டாம் பாதியை ஸ்டேஷன் வாசலில் கொடுத்துவிட வேண்டும். கட்டின் அடியில் அந்தப் பாதி இருந்தது. நேற்று காந்திமதி மூக்குத்திக்காரிக்குக் கொடுத்த எண்.

வேறு பெட்டியில் ஏறி எழும்பூர்வரை போய்விட்டு, அவள் ஊருக்குள் வந்துவிட்டாள்.

இல்லத்துக்குப் போன் போட்டாள். சவுரியம்மாள் கோர்ட்டுக்குப் போயிருந்தார். காந்திமதி கவுன்டரை இன்னொருவரிடம் விட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். கெடார் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது.

"எத்தினிம்மா?" என்றார் கண்டக்டர்.

"போக ஒண்ணு. வர்றப்ப ரெண்டு எடுப்பேன்."

முன் இருக்கையில் ஒரு தலை மெல்லத் திரும்பியது. வெயில் பட்டுச் சிவப்புக் கல் மின்னியது.