நெக் பிக்கப் குடிவந்த வீடு

தூத்துக்குடியில் எலெக்ட்ரிக் கிடாருக்குப் பிக்கப் வாங்கினால் அதை உடனே மாட்டிவிட முடியாது. முதலில் வீட்டில் குடிவைக்க வேண்டும். பார்க்கத் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே காந்தம், சுற்றிலும் செப்புக் கம்பி, மேலே ஒரு மூடி. தந்தி நடுங்குவதைக் கேட்டு ஸ்பீக்கருக்குச் சொல்வது அதன் வேலை. மனிதர் பேச்சையே கேட்டுப் பழகாத பிக்கப்புக்குத் தந்தியின் பேச்சு எங்கிருந்து புரியும்? கிடாரின் கழுத்துப் பக்கம் உட்காரும் நெக் பிக்கப்பை வாசிப்பவர் தேர்ந்தெடுப்பார். தந்திகள் முடியும் இடத்தில் உட்காரும் பிரிட்ஜ் பிக்கப்பை அந்த வீட்டில் இருக்கும் இன்னொருவர்தான் பொறுக்கியெடுக்க வேண்டும். அது ஊர் வழக்கம்.

டெல்பின் கல்யாண வரவேற்புகளில் கிடார் வாசிப்பவள். அவள் கொண்டுவந்த நெக் பிக்கப் வெள்ளி மூடி போட்டது, நிதானமானது. சாப்பாட்டு மேஜையில் கைக்குட்டையை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தாள். அவள் புருஷன் கஸ்பார், மக்ரூன் சுடும் பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவன். வேலை முடிந்து வந்தவன் அதைப் பார்த்து, "வாங்க" என்றான். விருந்தாளிக்கு மரியாதை தெரியாதவனில்லை.

அந்த மரியாதை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. டெல்பின் மீன் கழுவும்போது பிக்கப்பை ஜன்னலில் வைத்துக்கொண்டு பேசினாள். துணி மடிக்கும்போதும் பேசினாள். அக்காள் வீட்டுச் சண்டை, ட்ரம்ஸ்காரன் தாளத்தைக் கோட்டைவிடுவது, சின்ன வயதில் கப்பல் பார்க்கப் போய்ச் செருப்பைக் கடலில் விட்டது என்று ஒன்று பாக்கியில்லை. கஸ்பார் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும்.

"என்ன பேசிட்டு இருந்த?"

"ஒண்ணுமில்லங்க. சாப்பிடுதியளா?"

செருப்பு சங்கதி கஸ்பாருக்கு அதுவரை தெரியாது. கதவுக்குப் பின்னால் நின்றபடி அதிலும் பாதியைத்தான் கேட்டிருந்தான். இத்தனை வருஷம் தாலி கட்டிக் குடித்தனம் நடத்தியவனுக்குத் தெரியாதது நேற்று வந்த தீப்பெட்டிக்குத் தெரிகிறதே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாலாவது சண்டை போடலாம். அது பேசுவதே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தது. அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

டெல்பின் ஒத்திகைக்குப் போன ஒருநாள் அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அவ சொன்னதுல எங்கிட்டயும் கொஞ்சம் சொல்லு" என்று கேட்டான். பிக்கப் அதையும் கேட்டுக்கொண்டது.

பிரிட்ஜ் பிக்கப் எடுக்கும் முறை வந்தபோது கஸ்பார் மட்டக்கடைப் பகுதியிலிருந்த ஹிலாரி அண்ணாச்சியின் கடைக்குப் போனான். பிக்கப்புகளுக்கு ஜோடி பார்ப்பதில் அந்த வட்டாரத்துக்கே அவர்தான் கெட்டிக்காரர்.

"பிரிட்ஜ் பக்கம் தந்தி ரொம்ப ஆடாது தம்பி" என்றார் ஹிலாரி. "அதனால அங்க உக்காருறதுக்குக் கம்பி கொஞ்சம் கூடச் சுத்தியிருக்கணும். இல்லன்னா நெக் பிக்கப் பேச்சுதான் எடுபடும்."

"ரொம்பக் கூடச் சுத்துனது இருக்கா அண்ணாச்சி? நெக் பிக்கப் வாயே தொறக்கக் கூடாது."

ஹிலாரி தலையாட்டினார். முக்கால்வாசிப் புருஷன்மார் இதைக் கேட்டுத்தான் வருகிறார்கள். உள்ளேயிருந்து கறுப்பு மூடி போட்ட ஒன்றை எடுத்து வந்தார். "இது குத்திக் குத்திப் பேசும்" என்றார். கஸ்பார் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெம்பாக வீட்டுக்கு நடந்தான்.

மேஜையில் நெக் பிக்கப்புக்கு நேர் எதிரே அதை வைத்தான். விடிவதற்குள் ஒரு கை பார்த்துவிடும் என்று நம்பிப் படுத்தான். காலையில் பார்த்தால் இரண்டும் ஒரே கைக்குட்டையில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. டெல்பின் அவற்றிடம் பல்வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைவலி போய்த் திருகுவலி வந்தது.

"நல்லாப் பாத்து எடுத்திருக்கிய" என்றாள் கஸ்பாரிடம். அந்தப் பாராட்டு அவனை இன்னும் கொஞ்சம் எரித்தது.

சனிக்கிழமை ஹிலாரி வீட்டுக்கு வந்து இரண்டையும் கிடாரில் மாட்டினார். நெக் பிக்கப்பை மட்டும் போட்டால் இனித்தது. பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் போட்டால் கணீரென்று வெட்டியது. இரண்டையும் சேர்த்துப் போட்டபோது இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து அழகாகப் பேசின. ஆனால் அடியில் ஒரு சத்தம் இருந்தது. ம்ம்ம் என்று விடாமல் இழுத்தது.

ஹிலாரி வயரை மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஃபேனை நிறுத்தினார், ஃப்ரிட்ஜையும் நிறுத்தினார். பிறகு கிடாரைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார். கஸ்பாரின் பக்கம் திரும்பும்போதெல்லாம் சத்தம் கூடியது.

"கரண்டுல ஒண்ணுமில்லம்மா. இவுகதான்."

"ஆமா அண்ணாச்சி" என்றாள் டெல்பின். "நான் என்ன சொன்னாலும் இவுக போனப் பாத்துக்கிட்டு இதத்தான் சொல்லுவாக."

கஸ்பார் தன் சத்தத்தை வெளியிலிருந்து கேட்பது அதுவே முதல் தடவை. வெட்கமாக இருந்தது.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் ஹிலாரி. "நீ வாசிக்கிற அன்னைக்கெல்லாம் இவுக திருச்செந்தூர் தாண்டி எங்கயாவது போயி இருக்கணும். இல்லன்னா இவுகளுக்கு எர்த் குடுக்கணும்."

கஸ்பார் மனைவியின் முகத்தைப் பார்த்தான். போகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அவளோ முதலில் பிக்கப்புகளைப் பார்த்தாள், அதுவும் நிதானமாகப் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள்.

"எர்த் குடுங்க அண்ணாச்சி."

ஹிலாரி கிடாரிலிருந்து ஒரு பச்சை வயரை இழுத்துக் கஸ்பாரின் கல்யாண மோதிரத்தில் பற்றவைத்தார். டெல்பின் தந்தியில் கை வைத்தால் சத்தம் நின்றது. கையை எடுத்தால் வந்தது. வாசிக்கும்போது கை தந்தியில்தானே இருக்கும், போதும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வரவேற்பில் கஸ்பார் அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். முதல் பாட்டு பிரமாதமாக முடிந்தது. தண்ணீர் குடிக்க டெல்பின் கையை எடுத்தாள். இரண்டு பெரிய ஸ்பீக்கர்களிலும் ம்ம்ம் என்று வந்தது.

"அதான, நானும் அதத்தான் சொல்லுதேன்" என்று முன்வரிசையிலிருந்த ஓர் அம்மாள் எழுந்து ஸ்பீக்கரிடம் வந்து, தன் மருமகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். ம்ம்ம் என்றது ஸ்பீக்கர். அவள் பின்னால் ஒரு டீச்சர் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு நர்ஸ்கள். சற்று நேரத்தில் வரிசை பந்தி நடக்கும் இடம்வரை நீண்டது. மணமேடையிலிருந்து மணப்பெண்ணும் இறங்கி வந்து, எல்லோரும் வழிவிட, முன்னால் நின்று பேசினாள்.

கஸ்பார் போனைச் சட்டைப்பையில் போட்டான். நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டான். மணப்பெண் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டான்.

டெல்பின் இதைப் பார்த்தாள். தன்னிடம் அவன் ஒருநாளும் அப்படி நாற்காலியை நகர்த்தியதில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆறு தந்திகளையும் உள்ளங்கையால் அழுத்தினாள். மணப்பெண்ணின் பேச்சுக்கு நடுவில் சத்தம் நின்றது.

அடுத்த பாட்டுக்குப் பாடகன் ஜாடை காட்டினான். டெல்பின் கையை எடுக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் கொஞ்சம் பார்த்துவிட்டுப் பிரியாணிக்குப் போனார்கள். அவள் கிடார் தந்திகளை அழுத்தியபடியே படியிறங்கி ஆட்டோவை நிறுத்தினாள். வயர் நீளத்துக்குக் கஸ்பார் பின்னால் வந்தான்.

மணப்பெண்ணும் வந்தாள். "இன்னும் சொல்லி முடிக்கல" என்று பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிக் கஸ்பாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அவளுடைய கைப்பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

டெல்பின், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்லி, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.