நிகிஸ்திக்குக் கொடுத்த சக்கரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது ஆப்பிரிக்க மலைநகரமான எங்கள் அஸ்மாராவில் சைக்கிள் ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அன்று நெஃபாசித் ஏற்றத்தில் நான் செய்ததைப் பார்த்துவிட்டு, 'லுவாமுக்குத் தங்கமான மனசு' என்று பேசிக்கொண்டார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

ஐந்து நாள் பந்தயத்தின் கடைசி நாள் அது. கீழே கிண்டா ஊரில் கிளம்பி, மலையேறி, அஸ்மாராவின் பெரிய வீதியில் முடிக்க வேண்டும். மொத்த நேரத்தில் மெந்தெஃபெரா கிளப்பின் நிகிஸ்தி முதலிடம். அஸ்மாரா கிளப்பைச் சேர்ந்த நான் அவளுக்கு அரை நிமிடம் பின்னால். பெல்ஜியத்திலிருந்து மார்ட்டன் என்று ஒரு மேலாளர் வந்திருந்தார். அவருடைய பெண்கள் அணியில் ஒரே ஓர் இடம் காலி. அந்த இடத்துக்காக நான் நான்கு வருடமாகத் தவம் கிடக்கிறேன்.

எங்கள் பயிற்சியாளர் டெக்லே அண்ணன் காலையிலேயே எச்சரித்தார். "இன்னைக்கு மேல யாரு முதல்ல வர்றாளோ அவளத்தான் அந்த ஆளு பாப்பாரு. வழியில எவகூடவும் பேசிட்டு வராதே."

"நான் எப்பண்ணே பேசினேன்?"

"பேச மாட்டே, திட்டுவே. அதுக்கும் மூச்சு வேணும்ல."

நெஃபாசித் தாண்டும்போது முன்னால் நாங்கள் இரண்டு பேர்தான். நிகிஸ்தியின் முதுகைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். பனிமூட்டத்துக்குள் நுழையும் வளைவில் அவளுடைய பின்சக்கரம் புஸ்ஸென்று இறங்கியது. அவள் கையைத் தூக்கினாள். மாற்றுச் சக்கரம் ஏற்றிய ஒரே வண்டி எங்கோ கீழே கூட்டத்துக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது.

அவளைத் தாண்டிப் போயிருந்தால் பந்தயம் என்னுடையது. ஆனால் எங்கள் ஊர்ப் பந்தயங்களில் டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னால் போகிறவருக்குப் பஞ்சரானால் பக்கத்தில் இருப்பவர் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார். எந்தக் கிளப் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்தவளின் பஞ்சரில் ஜெயித்தவளை ஊர் ஜெயித்தவளாகவே சேர்க்காது. மூன்று வருடத்துக்கு முன் அப்படி ஜெயித்த ஒருத்திக்கு 'பஞ்சர் ராணி' என்று பெயர் வைத்தார்கள். அவளுடைய கல்யாணப் பந்தலில்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் சிரித்தார்கள்.

நான் இறங்கி என் பின்சக்கரத்தைக் கழற்றினேன்.

"வேணாண்டி. போ. உன் இடம் போயிரும்" என்றாள் நிகிஸ்தி.

"வாய மூடிட்டு மாட்டு. மேல வந்து உன்னத் தோக்கடிக்கிறேன்."

"கொழுப்புடி உனக்கு" என்று சொல்லிவிட்டு அவள் பனிக்குள் மறைந்தாள்.

வண்டி வருவதற்கு ஒரு நிமிடம் ஐம்பது நொடி ஆனது. அதற்குள் மூன்று பேர் என்னைத் தாண்டினார்கள். நான்கு வருடத்தை இப்படித் தெருவில் கழற்றி வைத்துவிட்டேனே என்று பயந்தேன். சக்கரம் கிடைத்ததும் பயமெல்லாம் காலுக்கு இறங்கிவிட்டது. அடுத்த கிராமமான அர்பரோபா வருவதற்குள் அந்த மூன்று பேரையும் பிடித்தேன். பனிக்கு மேலே வெயில் வந்த இடத்தில் நிகிஸ்தியின் முதுகு தெரிந்தது. ஊர் எல்லையில் அவளைப் பிடித்தேன். பெரிய வீதியில், பனைமரங்களுக்கு நடுவே, அரைச் சக்கர அளவில் அவளை ஜெயித்தேன். அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம் இருந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த நடுவர் பலகையில் தாளை ஒட்டினார். வேறு அணிக்காரிக்குச் சக்கரம் கொடுத்ததற்கு எனக்கு இரண்டு நிமிடத் தண்டனை, வாங்கியதற்கு நிகிஸ்திக்கும் இரண்டு நிமிடம். மூன்றாவதாக இருந்த டெக்கெம்ஹாரே ஊர்ப் பெண்ணுக்குப் பந்தயம் போனது; மொத்த நேரத்தில் நிகிஸ்தி நான்காவதாகவும் நான் ஐந்தாவதாகவும் இறங்கினோம். இந்த விதியை முதல் நாள் கூட்டத்தில் படித்தார்கள். நானும் தலையாட்டிக் கேட்டேன். மலையில் அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

நிகிஸ்தி சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. "உன்ன யாருடி கேட்டா?"

"நீதான கையத் தூக்கினே?"

"வண்டிக்குத் தூக்கினேன். உனக்கில்ல. நின்னு வண்டிக்குக் காத்திருந்தாலும் மொத்தத்துல ரெண்டாவதாவது வந்திருப்பேன்."

 என் இடத்தை நான் கெடுத்துக்கொண்டது என் பாடு. அவளுடையதையும் சேர்த்துக் கெடுத்தது என்னைச் சுட்டது.

அன்று சாயங்காலம் டெக்லே அண்ணன் மூச்சிரைக்க வந்து என்னை வீதியிலிருந்த காபிக் கடைக்கு இழுத்துப் போனார். மார்ட்டன் உட்கார்ந்திருந்தார். பாலும் இறைச்சியும் விலக்கும் நோன்புக் காலம் என்பதால் எனக்குப் பாலில்லாத காபி வந்தது. மேஜையில் ஒப்பந்தத் தாள் இருந்தது.

"உன்னத்தான் வேணுங்கிறாரு" என்றார் அண்ணன். "முன்னால போறவளுக்குச் சக்கரத்தக் கழட்டிக் குடுக்கிற பொண்ணத்தான் இத்தன நாளாத் தேடினாராம். ரெண்டு வருஷம். அணித் தலைவிக்குத் தண்ணி பாட்டில் கொண்டு வரணும், சமவெளியில முன்னால போயி அவ மேல காத்து படாமப் பாத்துக்கணும்."

"நான் எப்ப ஜெயிக்கிறது?"

அண்ணன் அதை மார்ட்டனிடம் மொழிபெயர்த்துக் கேட்டார். பதிலைச் சொல்லத் தயங்கினார். "அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்களாம். ஆப்பிரிக்கப் பொண்ணுங்களுக்கு மூச்சு இருக்காம். இறக்கத்துல ஓட்டத்தான் தெரியாதாம்."

"பத்து வயசுலேருந்து கீழ கடலோர மசாவா வரைக்கும் நான் எதுல இறங்கினேனாம், லிஃப்ட்லயா?"

"இத நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லுங்கண்ணே. இதையும் சேத்துச் சொல்லுங்க. நான் அவளுக்கு வேலைக்காரியா நின்னு குடுக்கல. அவ நல்ல சக்கரத்துல ஓடும்போது அவள ஜெயிக்கணும்னு குடுத்தேன். நெஃபாசித்லேருந்து மேல வரைக்கும் யாரு எவ்வளவு நேரம்னு அந்தத் தாளப் பாக்கச் சொல்லுங்க."

அண்ணன் வியர்த்துக்கொண்டே சொன்னார். மார்ட்டன் பையிலிருந்து நேரத்தாளை எடுத்தார். விரலை வைத்து என் பெயருக்கு எதிரே படித்தார், பிறகு நிகிஸ்தியின் பெயருக்கு எதிரே. நான் நின்றிருந்த நேரத்தைக் கழித்துப் பார்த்தார். அதன்பின் காபியைத் தொடவில்லை. அதுவரை நான் நின்றதை மட்டும்தான் அந்த மனிதர் பார்த்திருக்கிறார்.

"ஒப்பந்தத்த மாத்த அவருக்கு அதிகாரம் இல்லையாம்" என்றார் அண்ணன். "போட்டுரு லுவாம். உனக்கு முன்னால இங்கேருந்து ஒருத்தியும் போனதில்ல. வேணாம்னு சொன்னா அடுத்த ஆளு எப்ப வருவானோ."

எனக்கும் அது தெரியும். வீட்டுக்குப் போய் ரோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பேனாவை எடுத்தேன்.

"போடறேன். பாட்டில் சுமக்கிறேன், காத்தத் தடுக்கிறேன், சொன்ன வேலைய ஒழுங்காச் செய்றேன். ஆனா மலையில அந்தத் தலைவியால என்கூட வர முடியலன்னா, நிக்கச் சொல்லி எனக்குக் குரல் குடுக்க வேணாம். குடுத்தாலும் நிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

"இதையும் சொல்லணுமா?"

"ஒரு வார்த்த விடாம."

அவர் சொல்லி முடிக்கும்வரை நான் மார்ட்டனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒப்பந்தத் தாளை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே நடைபாதை விளிம்பில் நிகிஸ்தி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தப்பு என்னுதுதான்" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை. 

"கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

"என்ன வேலையாம்?"

"தலைவிக்குப் பாட்டில் தூக்கற வேல. மலையில அவளத் தாண்டாமப் பின்னாலயே போகணுமாம்."

நிகிஸ்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அன்று முழுக்க வராத சிரிப்பு அப்போது வந்தது.

"உன்னப் பின்னால வச்சுக்கிட்டு மலையேறப் போறாளா?" என்றாள். "பாவம்டி அவ."