சேர்மன் வீட்டு வாசல் செருப்பு

சாக்கோட்டை ஒன்றியத்தின் முன்னாள் சேர்மன் பெரியகருப்பன் தமது காரில் இன்னும் பெயர்ப்பலகை வைத்திருந்தார். அதில் 'சேர்மன்' என்பதைத் தெருமுனையிலிருந்தே படிக்கலாம். 'முன்னாள்' என்பதைப் படிக்க பானெட்டில் ஏறிப் படுக்க வேண்டும்.

தேர்தலில் தோற்றதிலிருந்து குறை சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை. அது அவரை அரித்துக்கொண்டிருந்தது. அதனால், காரைக்குடியில் பூர்வீக வீட்டை ஹோட்டலாக்கியிருந்த வள்ளியப்பன், "லண்டன்லேருந்து டன்மியர் பிரபுன்னு ஒருத்தர் வாராக, பொன்னாடை போத்தணும், வந்துருங்க சேர்மன்" என்று கூப்பிட்டதும், பீரோவில் அடுக்கியிருந்த தம் பதவிக்காலத்துப் பொன்னாடைகளில் கறை இல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாசலில் பிளெக்ஸ்: 'இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் ஆயுட்கால உறுப்பினரே, வருக!'

"ஆயுசுக்குமா? எலெக்சனே கெடையாதா?" என்று கேட்டார் பெரியகருப்பன்.

"கெடையாது."

"அப்படி ஒரு சீட்டு நம்ம ஒன்றியத்துல இல்லாமப் போச்சே!"

"இருந்தா நீங்க கட்டிலோட வந்து படுத்திருப்பீக."

பிரபுவுக்கு எண்பது வயதிருக்கும். பொன்னாடைக்குள் பாதி காணாமல் போய், படத்துக்குச் சிரித்தார். அப்போது புதுவயலைச் சேர்ந்த ரேணுகா என்ற பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"அய்யா, பக்கத்து ரைஸ்மில்லு உமிச்சாம்பல் காயப்போட்ட துணி பூராம் விழுகுது."

"இவுக இங்கிலாந்துக்கு மெம்பரும்மா," என்று வள்ளியப்பன் பதறினார்.

"எந்த ஊருக்கா இருந்தா என்ன? சொல்லிப் பாத்தா குத்தமா?"

பிரபு வள்ளியப்பனிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். காற்று எந்தத் திசை, மில் எப்போது ஓடும் என்று விசாரித்தார். பிறகு மெல்லப் பேச ஆரம்பித்தார். வள்ளியப்பன் மொழிபெயர்த்தார்.

"அவுக தொகுதியில சந்தைக்குப் பின்னால ஒரு சின்ன ரூம்பாம். சனிக்கெழமையானா இப்படித்தான் உக்காந்திருப்பாகளாம். சாக்கடை, ஒழுகுற கூரை, பக்கத்து வீட்டு நாய். அஞ்சு தடவ எம்.பி. மீன்வளத்துக்குத் துணை மந்திரி. அப்புறம் ராணியே கூப்புட்டு மேல்சபைக்குப் பதவி உயர்வு குடுத்துட்டாக."

ஆனால் அதைச் சொன்னபோது பிரபுவின் கட்டைவிரல் மேலே அல்ல, தரையைக் காட்டியது.

"வள்ளியப்பன், தொரை தோத்திருக்காக," என்றார் பெரியகருப்பன். "அந்த மூஞ்சியத்தான் நான் தெனம் கண்ணாடியில பாக்குறேன்."

வள்ளியப்பன் அசடு வழிந்தார். "ஆமா. தோத்த பொறகுதான் பட்டம். அங்க சிவப்புத் தோல் பெஞ்சு, மெத்துன்னு இருக்குமாம். ஆனா சாக்கடையப் பத்திச் சொல்ல ஒருத்தரும் வாறதில்லையாம். உங்களுக்கு எது நெனப்பு வருதுன்னு கேக்குறாக."

பெரியகருப்பன் நாலே வரியில் முடித்தார். மேடையில் அரைமணி பேசுகிறவர்.

"செருப்பு. காலையில கதவத் தொறந்தா வாசல் பூராம் செருப்பாக் கெடக்கும். வாரு அந்துபோனது, ஊக்கு மாட்டுனது. மிதிக்காம எறங்க முடியாது."

வள்ளியப்பன் இதை மட்டும் ஜோடனை இல்லாமல் சொன்னார். பிரபு பொன்னாடையைக் கழற்றிப் பெரியகருப்பனுக்கே போர்த்தினார். ரேணுகாவிடம், இவர் பார்த்துக்கொள்வார் என்றார். பொன்னாடை சொந்த பீரோவுக்குத் திரும்பியது.

மறுநாள் விடிந்ததும் பெரியகருப்பன் கதவைத் திறந்தார். வாசலில் செருப்புகள். ரேணுகாவும் அவள் தெருக்காரர்களும் நின்றார்கள்.

"தொரை உங்ககிட்ட ஒப்படைச்சுட்டுப் போனாகள்ல? மில்லுக்கு எப்ப வாரீக?"

"இந்தா வந்துட்டேன்," என்று உள்ளே போனவர், கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டிலில் சும்மா உட்கார்ந்தார்.

"வெளிய ஆளு நிக்குது," என்றாள் மனைவி அழகி.

"சேர்மன் குளிக்கிறாகன்னு சொல்லு. கொஞ்ச நேரம் நிக்கட்டும்."