ஐந்துக்குக் கீழே

இறப்புக் கணக்குகளை யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவது என் வேலை. நகராட்சியின் ஒரு வார்டில் ஒரு நோய்க்கு ஐந்து பேருக்குக் கீழே இறந்திருந்தால், எண்ணை எடுத்துவிட்டுச் சின்னக் கோடு போட வேண்டும். இன்னார் என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதாம்.

எங்கள் வார்டில் ஓர் அபூர்வ நோய்க்கு நேரே ஒன்று என்றிருந்தது. அந்த ஒன்று என் தம்பி. எடுத்துவிட்டுக் கோடு போட்டேன். டீ ஆறிப் போயிருந்தது. அதையும் குடித்தேன்.

வீட்டில் அம்மா கேட்டாள். “ஊர் உலகமே பாக்கலாம்னியே, நம்ம சின்னவன் அதுல இருக்கானா?”

கணினியில் அந்தக் கோட்டைக் காட்டினேன்.

அம்மாவின் விரல் கீழே இறங்கியது. “இந்தக் கோடெல்லாம் யாரு வீட்டுப் பிள்ளைங்க?”

“தெரியாதும்மா” என்றேன்.

எல்லாக் கோடுகளையும் போட்டவன் நான்தான்.