ஆறாவது மாடியின் லிஃப்ட் பங்கு

என் மகள் என் மேல் ஒரு வழக்குப் போட வேண்டும், அதற்கு என்ன செலவானாலும் நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னதும், பேனா மூடியைக் கழற்றிய வக்கீல் அதைத் திரும்பவும் மாட்டிவிட்டார்.

அவர் அலுவலகம் மூன்றாவது மாடியில். அங்கே ஓடுவது என் கம்பெனி லிஃப்ட் இல்லை, அதனால் உள்ளதைச் சொல்லலாம். கீழே ஏறும்போது வழுவழுவென்று மழித்த முகத்தோடு ஏறினேன். மேலே இறங்கும்போது தாடையைத் தடவினால் சொரசொரவென்றிருந்தது. என்னோடு ஏறிய ஒருவர் எந்த வழக்குக்காக வந்தோம் என்பதே மறந்துபோய் அதே லிஃப்ட்டில் கீழே போய்விட்டார். நாற்பத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவன் நான். இந்த விஷயத்தில் கூட்டியோ குறைத்தோ சொல்ல மாட்டேன்.

வக்கீல் பொறுமைசாலி. மகளுக்கு என்ன வயது, என்ன வேலை, வீட்டை விட்டு யார் அனுப்பியது என்று வரிசையாகக் கேட்டார். வயது இருபத்தாறு, காது மருத்துவமனையில் யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துப் பார்க்கும் வேலை, யாரும் அனுப்பவில்லை, அவளாகவே ஒரு பெட்டியோடு போனாள் என்றேன். போய் எட்டு மாதம். மூன்று முறை அவள் கணக்குக்குப் பணம் அனுப்பினேன். மூன்று முறையும் சாயங்காலத்துக்குள் ஒரு காசு குறையாமல் திரும்பி வந்தது. கூட ஒரு வரி திட்டி அனுப்பியிருக்கலாம். அதற்குக்கூட நான் லாயக்கில்லை போல.

வக்கீல் நல்ல சேதி சொல்கிற முகத்தோடு முன்னால் சாய்ந்தார்.

"ஐயா, நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க. வயசு வந்த பொண்ணு, சம்பாதிக்குது, தானா கிளம்பிப் போயிருக்கு. நீங்க ஒரு பைசா கொடுக்கணும்னு எந்தக் கோர்ட்டும் சொல்லாது."

"சொல்ல வைக்க முடியாதா?"

"இங்க வர்ற அப்பாக்கள் எல்லாம் கொடுக்காம இருக்கத்தான் வழி கேப்பாங்க."

"கோர்ட்டு சொன்னா அவ வாங்கிக்கிட்டுத்தானே ஆகணும்? அதுக்குத்தான்."

அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பிறகு, ஃபீஸில் பாதி போதும் என்றார். எந்தப் பொறுப்பும் இல்லாத மனிதன் என்று சட்டப்படி உறுதிசெய்யப்பட்டு வெளியே வந்தேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் வயது எனக்கு இல்லை என்பதால் படியில் இறங்கினேன்.

அவள் ஏன் போனாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் எனக்கு 'ரீல் அண்ணன்' என்று பெயர். ஒரு புயலன்று, கரண்ட்டே இல்லாமல், காற்று அடித்த வேகத்தில் பதினோரு மாடி ஏறிய லிஃப்ட்டைப் பற்றி நான் சொன்னதை இன்றுவரை ஒருத்தன் நம்பவில்லை. என் மகள் சின்ன வயதில் நம்பினாள், வளர்ந்த பிறகு சிரித்தாள். அவள் அம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அதற்கப்புறம் வீட்டில் மிஞ்சிய இரண்டு பேரில் ஒருவர் அளப்பதும் மற்றவர் சிரிப்பதுமாகக் காலம் ஓடியது.

பத்தொன்பது வயதில், வெளியூரில் போய்ப் படிக்கப் போகிறேன், பணம் கட்டுங்கள் என்றாள். பணம் இருந்தது. அவள் பிறந்த மாதத்திலிருந்து போட்டு வந்த பணம். இல்லை என்றேன். ஒரு நண்பனுக்குக் கடனாகக் கொடுத்தேன், சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்றேன். அப்படி ஒரு நண்பன் கிடையாது. அவனுக்கு இரண்டு முன்பல்லில் தங்கம் கட்டினேன், இடது காலை லேசாக இழுத்து நடக்க விட்டேன், பாவப்பட்ட மனைவி ஒருத்தியைக்கூடக் கொடுத்தேன். இன்றைக்கும் தெருவில் தங்கப் பல்லைக் கண்டால், என் பணம் எங்கேடா என்று கேட்க வாய் வருகிறது. சொல்லும்போது நடுவில் அழுதும்விட்டேன். வளர்ந்த பிறகு அவள் நம்பிய ஒரே கதை அதுதான்.

மூன்று வருஷம் துணிக்கடையில் கால் கடுக்க நின்று, தானே பணம் சேர்த்து, உள்ளூரிலேயே மாலை வகுப்பில் படித்து முடித்தாள். வேலை கிடைத்த மாதமே வங்கியிலிருந்து கடிதம் வந்தது. வைப்புத்தொகை முதிர்ந்துவிட்டது, நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று. பிரித்துப் படித்தது அவள்.

சத்தம் போடவில்லை. "நீங்க கதை சொல்லுவீங்கன்னு தெரியும்ப்பா. ஆனா அன்னைக்கு அழுதீங்களே" என்றாள். மறுநாள் பெட்டி கிளம்பியது.

சட்டம் கைவிட்ட பிறகு நான் தொழிலை நம்பினேன். அவள் குடியிருந்த ஒன்பது மாடிக் கட்டடம் எங்கள் கம்பெனியிலேயே கிரீஸ் என்று நாங்கள் கூப்பிடும் பையனின் பொறுப்பில் இருந்தது. என் பொறுப்பில் ஒரு பெரிய ஹோட்டல் இருந்தது. ஏசி, மத்தியானச் சாப்பாடு, கிளம்பும்போது கையில் ஒரு பொட்டலம். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். எனக்கு மூளையில் ஏதாவது கோளாறா என்று கிரீஸ் அக்கறையாக விசாரித்தான். ஹோட்டல் சாப்பாட்டால் ஒரே மாதத்தில் நான்கு அங்குலம் உயரம் கூடிவிட்டேன், மோட்டார் அறைக் கதவில் தலை இடிக்கிறது என்றேன். நான் மனம் மாறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அந்தக் கட்டடத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ரசீது எழுதாமல் மூச்சுகூட விடாத அம்மாள். அங்கே ஒவ்வொரு வீடும் மாதாமாதம் லிஃப்ட் பங்கு என்று ஒரு சின்னத் தொகை கட்ட வேண்டும். ஆறாவது மாடியின் பங்கை நான் கட்டிவிடுகிறேன், குடியிருக்கும் பெண் தூரத்து உறவு என்றேன். தொகை ஒரு ஜோடி செருப்புக்கும் காணாது. ஆனால் கட்டிவிட்டு வந்த அன்று, எட்டு மாதத்துக்கு அப்புறம், தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போவேன். மற்ற மாடிக் கதவுகள் பல்வலிக்காரனைப் போல முனகிக்கொண்டு திறக்கும். ஆறாவது மாடிக் கதவுக்கு மட்டும் உருளையெல்லாம் புதிதாக மாற்றி, அது திறந்ததா இல்லையா என்று கையால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்கிற நிலைக்குக் கொண்டுவந்தேன்.

மூன்றாவது மாதம் அந்தக் கதவு நகரும் அடித்தடத்தில் விரல் வைத்தேன். தூசி. நல்ல கனமான, யாரும் கலைக்காத தூசி. ஆறாவது மாடியில் இரண்டே வீடு, ஒன்று பூட்டிக் கிடந்தது. அப்படியானால் ஒரு மாதத்துக்கு மேலாக அங்கே லிஃப்ட்டில் யாரும் வந்து இறங்கவில்லை. வீட்டை மாற்றிவிட்டாளோ? டீச்சரிடம் ஓடினேன்.

மாற்றவில்லை. பங்கு கட்ட வந்தவளிடம், கட்டியாகிவிட்டது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். யார் என்று கேட்டிருக்கிறாள். டீச்சருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, லிஃப்ட்காரர் என்றாராம். அன்றிலிருந்து படிதானாம். தண்ணீர் கேன், காய்கறிப் பை எல்லாவற்றோடும்.

"நீங்க கட்டினதுலேர்ந்து அந்தப் பொண்ணு லிஃப்ட் பக்கமே வர்றதில்ல. உறவுன்னா சொன்னீங்க?" என்றார் டீச்சர்.

ஒரு மாடிக்கு இருபத்தோரு படி. ஆறு மாடிக்கு நூற்று இருபத்தாறு. அன்று சாயங்காலம் நான்காவது மாடித் திருப்பத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஏறி வருவதற்குள் எனக்கே நுரை தள்ளிவிட்டது. ஆறரை மணிக்கு அவள் வந்தாள். இரண்டு கையிலும் பை. இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து நின்றாளே தவிர, பையைக் கீழே வைக்கவில்லை.

"லிஃப்ட்ல போம்மா" என்றேன்.

"அது நீங்க காசு கட்டின லிஃப்ட்."

"கம்பெனியில ஒரு விதி இருக்கு. நாப்பது வருஷம் வேலை பார்த்தவன் குடும்பத்துக்கு எந்த ஊர் லிஃப்ட்டும் இலவசம். போன வருஷம் ஒரு மெக்கானிக்கோட மச்சான் இந்த விதியை வச்சே..."

"அப்பா."

கதை இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவன் நான்தான்.

"பணம் இருந்துச்சு. கொடுத்தா நீ போயிடுவேன்னு பயந்தேன்" என்றேன். "கதைதான் பொய். அழுதது அந்தப் பயத்துலதான்."

அவள் ஏதோ முணுமுணுத்தாள். எனக்குச் சரியாக விழவில்லை. தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தேன்.

"இப்பவும் போயிட்டேனேன்னு சொன்னேன்."

மேல் மாடியில் யார் வீட்டிலோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் பைகளை ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். "இப்போ கொடுத்தா, அப்போ கொடுக்காதது இல்லைன்னு ஆயிடுமா?"

"ஆகாது."

"அப்போ நிறுத்திடுங்க."

பைகளை வாங்கக் கை நீட்டினேன். அவள் விலகி, இரண்டு படி ஏறி, திரும்பினாள். "இடது காது எத்தனை நாளா கேக்கல?"

"கேக்குதே."

"கேட்டா எதுக்கு இந்தப் பக்கம் திருப்புறீங்க? மோட்டார் ரூம்ல காதுக்கு ஒண்ணும் மாட்டியிருக்க மாட்டீங்க. வந்து சோதிச்சுக்கங்க. சும்மா பார்க்க மாட்டாங்க, கவுண்டர்ல பணம் கட்டினாத்தான் உள்ள விடுவாங்க."

ஏறிப் போனாள். மீதி நாற்பது படி. என் காதுக்கு இருபதோடு சத்தம் நின்றுவிட்டது. மிச்சத்தை நானே எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் டீச்சரிடம் போய், இனி அந்தப் பங்கை நான் கட்டப்போவதில்லை என்றேன். வாய்வார்த்தையெல்லாம் செல்லாது, காரணத்தோடு எழுதிக் கொடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார். என்ன எழுதுவது என்று யோசித்தேன். வக்கீலின் வாசகம்தான் நினைவுக்கு வந்தது. 'மேற்படி பெண் வயது வந்தவர், சம்பாதிப்பவர். அவருக்காக எதுவும் செலுத்தும் கடமை எனக்கு இல்லை.' டீச்சர் படித்துப் பார்த்து, தெளிவாக இருக்கிறது என்று பாராட்டி, கையெழுத்துப் போட இடம் காட்டினார். நான் இதுவரை எழுதிக் கொடுத்தவற்றில் ஒரு சொல்கூடப் பொய்யில்லாத தாள் அது ஒன்றுதான். பேனாவை இரண்டு முறை உதற வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் ஆறாவது மாடிக் கதவின் தடத்தில் விரலை வைத்தேன். தூசி இல்லை. தூக்கிக்கொண்டு போகும்போது பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும், ஒரு வெங்காயச் சருகு கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் காது மருத்துவமனைக்குப் போனேன். கவுண்டரில் முழுத் தொகையும் கட்டினேன். மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டு என்றார்கள். எனக்கு இன்னும் வயது ஆகவில்லை என்று சொல்லி மறுத்துவிட்டேன். என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டுக் கவுண்டர் பையன் முழுத் தொகைக்கே ரசீது போட்டான்.

சோதனை அறை, ஆறு பேர் ஏறும் லிஃப்ட்டின் அளவு. கனமான கதவு. ஒரு பக்கம் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகள். காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோன் வழியாக, எல்லாரிடமும் பேசுகிற குரலில் பேசினாள்.

"சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க. கேக்கலைன்னா அமுக்காதீங்க. ஊகிச்சு அமுக்கக் கூடாது."

வலது காது ஒழுங்காக நடந்தது. நான் ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள், குனிந்து எழுதுவாள். பிறகு இடது காது. ஒன்றுமே இல்லை. ஆனால் கண்ணாடி வழியாக அவள் கை குமிழைத் திருப்புவது எனக்குத் தெரிந்தது. கையைப் பார்த்து அமுக்கினால் போதும், முழு மார்க் வாங்கிவிடலாம். அமுக்கின ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்ப்பாள். வாழ்நாளில் இவ்வளவு சுலபமான பொய் எனக்கு வாய்த்ததில்லை.

கண்ணை மூடிக்கொண்டேன். பட்டன் மேல் விரலை வைத்தபடி, எங்கோ ஆழத்தில் ஏதாவது வருகிறதா என்று உட்கார்ந்திருந்தேன். நெடுநேரம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் கருவியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிக்கையை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். இடது காது முக்கால்வாசி போய்விட்டதாம். அடியில், அடுத்த சோதனை ஒரு வருடம் கழித்து என்று அச்சடித்திருந்தது. அதைக் கொஞ்சம் பார்த்தாள். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, ஆறு மாதம் என்று பேனாவால் எழுதினாள்.

"அப்பவும் பணம் கட்டணுமா?" என்று கேட்டேன்.

"கட்டணும்ப்பா. ஒவ்வொரு தடவையும்."

அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள். நான் வலது காதை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, மெல்ல வெளியே நடந்தேன்.