மாவுக்கட்டும் சிக்குத்தலையும்

வலது கையில் மாவுக்கட்டு. என் முடியோ ஸ்பிரிங் மாதிரி நெருக்கமாகச் சுருண்டது. கொஞ்சம் கவனிக்காவிட்டாலும் காய்ந்து சிக்குப் பிடித்துவிடும். சீவிவிட வந்த கணவருக்கோ முழு வழுக்கை. காய்ந்த தலையில் உச்சியிலிருந்து சீப்பை இழுத்தார். உயிரே போய்விட்டது.

"முடின்னா என்னன்னே தெரியாத மனுஷன்!" என்று கத்தினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் தண்ணீர் தெளித்து, கண்டிஷனர் தடவி, சிக்குக்கு மேலே முடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து விரலாலேயே பிரித்தார். துளி வலியில்லை.

"யாருங்க சொல்லிக்கொடுத்தது?"

"நீ கண்ணாடி முன்னால எப்படிப் பண்ணுவேன்னு யோசிச்சுப் பார்த்தேன்."

கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகிறது. கை இன்னும் வலிக்கிறது என்றுதான் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.